மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு: சொந்தப் படைக்கு ஏற்ற விதிநூல் எது?

ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாவிப் பிடிக்கும். ஆடு சூழ்ந்து நின்று அடைக்கும். இரண்டு தரப்பும் கொஞ்சமும் ஒத்தவை அல்ல. இருந்தும் ஆட்டம் கடைசிவரை இழுபறியாகப் போகிறது. ஒரு புலிக்கு ஐந்து ஆடு என்று என்றோ யாரோ போட்ட கணக்கு அத்தனை கச்சிதம்.

சதுரங்கத்துக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையும் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றன. ஆனால் ஒரு பக்கம் அரக்கர், மறுபக்கம் வானரர் என்று ஆளுக்கொரு படையை நாமே உருவாக்கி மோதவிடப் போகிறோம் என்றால், யாருக்கு எத்தனை என்ற கேள்வி முதல் நிமிடமே வந்து நிற்கும். பொம்மை வீரர்களை வைத்து ஆடும் மேசைப்போர் விளையாட்டில் பத்து ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கும் எனக்கு, அந்தக் கேள்வியைச் சென்ற ஆண்டு என் மகள்தான் புதிதாகப் புரியவைத்தாள்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம், கட்டைவிரலில் பாதி. நாமே வண்ணம் தீட்டுவோம். மேசைமேல் குன்று, காடு, ஆறு எல்லாம் அமைத்து, கட்டங்கள் எதுவும் இல்லாமல், அளவுநாடாவால் அளந்து படைகளை நகர்த்துவோம். மோதலின் முடிவைப் பகடை சொல்லும். ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டிலேயே இதற்கென 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதியிருக்கிறார். பூதம், டிராகன், மந்திரவாதி என்று கற்பனை உலகப் போர்களை உலகெங்கும் கொண்டுசென்றது பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983ல் வெளியிட்ட 'வார்ஹேமர்'. இன்று சிங்கப்பூரிலும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

பிஎஸ்எல்இ தேர்வு முடிந்த விடுமுறையில் என் மகளை அப்படி ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். அலமாரி முழுக்க எலும்புக்கூட்டுப் படை, குள்ளர் படை, பல்லி மனிதர் படை. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வானரப் படை எந்தப் பெட்டியில இருக்குப்பா?" என்றாள்.

எந்தப் பெட்டியிலும் இல்லை. அவள் கேட்டது இலங்கைப் போர். பாட்டி சொல்லிச் சொல்லி, சிறு வயதிலிருந்தே அவளுக்கு மனப்பாடமான போர் அது. வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குரங்குகளுக்கு வண்ணம் பூசத் தொடங்கினாள். பல்குச்சியின் நுனியில் ஒரு மிளகை ஒட்டினால் அருமையான கதாயுதம் கிடைக்கும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரத்தில் முப்பது குரங்குகள் தயார். அவற்றை எந்த விதியின்கீழ் போருக்கு அனுப்புவது என்பது மட்டும் தெரியவில்லை.

பட்டியலும் பெட்டியும்

பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் படைப்பட்டியல் இருக்கும். எந்த வீரன் எத்தனை புள்ளி, அவனிடம் என்ன ஆயுதம், எத்தனை பேர் சேர்ந்தால் ஓர் அணி என்பதெல்லாம் அச்சில் வந்துவிடும். இரு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிக்குள் படையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பவை பெட்டிகளில் விற்பனைக்கு இருப்பவை. பொம்மை விற்பவர்களே விதியையும் எழுதும்போது அது இயல்புதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் மூடியிருப்பதால் எது எதற்குச் சமம் என்று சோதித்துப் பார்க்கவும் அவர்களால் முடிகிறது.

ஆனால் பட்டியலைத் திறந்தவர்கள் மூடவும் செய்யலாம். 2015ல் வார்ஹேமரின் பழைய கற்பனை உலகம் முடித்துவைக்கப்பட்டு, 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புதிய ஆட்டம் வந்தது. பழைய படைகளையும் அதில் இறக்கலாம் என்று இலவசமாகவே விதிகளைக் கொடுத்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அந்த ஆட்டத்தில் புள்ளிக் கணக்கே கிடையாது. யார் எதை வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் மேசையில் வைக்கலாம். முழுச் சுதந்திரம்! விளையாடுபவர்கள் அதை விரும்பினார்களா? அடுத்த ஆண்டே 'ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்' என்ற நூலில் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. பழைய உலகமும் 2024ல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் மறுபடி உயிர்பெற்றது.

ஆகவே பட்டியல் இருந்தால் வானரம் இல்லை; கணக்கே இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. இவற்றுக்கு நடுவில் உள்ள விதிநூல்களைத்தான் நான் தேடினேன். 'கிங்ஸ் ஆஃப் வார்' எந்த நிறுவனத்தின் பொம்மையையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் படைப்பட்டியல் அவர்களுடையதுதான். ஜோசப் மெக்கல்லோ எழுதி 2015ல் வந்த 'ஃப்ராஸ்ட்கிரேவ்' மிகச் சுவையான ஆட்டம். ஒரு மந்திரவாதியும் கூலி வீரர்கள் சிலரும் பனி மூடிய பாழ்நகரத்தில் புதையல் தேடுவார்கள். அதைப் படை என்று சொல்ல முடியாது, கொள்ளைக் கூட்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம். கடைசியில் மூன்று நூல்கள் மிஞ்சின.

கால்குலேட்டர் வென்ற ஆட்டம்

முதலாவது, 'எ சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ்'. இத்தாலியரான ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோய் எழுதியது, 2007ல் வெளிவந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் தரம், போர்த்திறன் என்று இரண்டே எண்கள். அதற்குமேல் பறத்தல், அம்பெய்தல், மறைந்திருத்தல் போன்ற சிறப்புத் திறன்களை நீங்களே சேர்க்கலாம். சேர்த்தவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டால் புள்ளி வரும். மொத்தம் 300 புள்ளிக்கு ஒரு படைக்குழு. நாயகர்களுக்கு அதில் 100 புள்ளிக்கு மேல் செலவிடக்கூடாது.

ஆட்டத்தின் உயிர் அதன் பகடையில் இருக்கிறது. ஒரு வீரனை அசைக்க ஒரு பகடை உருட்டலாம், இரண்டு உருட்டலாம், மூன்றும் உருட்டலாம். அதிகம் உருட்டினால் அதிகம் செய்யலாம். ஆனால் இரண்டு தோல்வி விழுந்தால் உங்கள் முறை அத்துடன் முடிந்து எதிராளியிடம் போய்விடும். பேராசைக்கு உடனடித் தண்டனை. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். இரு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலை எங்கள் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுவோம். இந்த நூலைத்தான் முதலில் எடுத்தோம். மகள் தன் குரங்குகளுக்கு எண்கள் எழுதினாள். அனுமாருக்கு மட்டும் பறத்தல். மற்றவற்றுக்கு மரமேறுதல், கூட்டமாகத் தாக்குதல். எதிரே அமர்ந்த நண்பர் அரக்கர் படை கொண்டுவந்திருந்தார். எல்லா அரக்கரும் பறந்தார்கள். எல்லாரும் பறந்தபடியே வெகுதூரம் அம்பு எய்தார்கள்.

விதியில் எந்த இடத்திலும் தவறில்லை. சூத்திரத்தைக் கச்சிதமாகப் போட்டு, 300 புள்ளிக்கு ஒன்றிரண்டு குறைவாகவே வந்திருந்தார். ஆனால் நாற்பது நிமிடமும் குரங்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஓர் அரக்கனைக்கூடத் தொட முடியவில்லை. அவள் அழவில்லை. குரங்குகளை ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி மூடிவிட்டு, "அங்கிள் ஜெயிக்கல. அவரோட கால்குலேட்டர்தான் ஜெயிச்சுது" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வெளியே வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. நண்பருக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். சனிக்கிழமைக் கூடலே நின்றுவிடுமோ என்றுகூட நினைத்தேன்.

சூத்திரத்தின் சிக்கல் எங்கே என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அது பறப்பதற்கு இவ்வளவு, எய்வதற்கு இவ்வளவு என்று தனித்தனியே விலை போட்டுக் கூட்டுகிறது. ஆனால் பறக்கத் தெரிந்தவன் எய்யவும் தெரிந்தவனாக இருந்தால், அவன் பெறுமதி அந்த இரண்டின் கூட்டுத்தொகையைவிட எவ்வளவோ அதிகம். ஆடு புலி ஆட்டத்தில் புலிக்குச் சிறகு வைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரே ஓர் ஆட்டை மட்டும் கூட்டிக் கொடுப்பது போன்ற கணக்கு அது. தேர்வுகள் பெருகப் பெருக இப்படிப்பட்ட சந்துகளும் பெருகும். தேடுகிறவர் கண்ணில் அவை படாமல் போகாது.

நூலைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இருவர் உட்கார்ந்து, ஒருவர் படையை இன்னொருவர் பார்த்து, பேசி ஒப்புக்கொண்டு ஆடினால் இதற்கு இணையில்லை. அதே நண்பருடன் நான் இன்றும் இதை ஆடுகிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் முப்பது ஆண்டு ஆடிய பெரியவரும் ஒரே மேசையில் அமர்வதற்கான நூல் இது அல்ல.

ஒரே பொம்மை, பன்னிரண்டு உயிர்

இரண்டாவது, டேனியல் மெர்சி எழுதி 2015ல் ஆஸ்பிரே பதிப்பகம் வெளியிட்ட 'டிராகன் ராம்பன்ட்'. 64 பக்கம்தான். இங்கே சூத்திரம் இல்லை. கனத்த காலாட்படை, இலகு குதிரைப்படை, பெருவிலங்கு, வெறும் கும்பல் என்று ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றுக்கும் முன்பே குறித்த விலை. கும்பலுக்கு 1 புள்ளி, உயர்தர வீரர்களுக்கு 6. படைக்கு மொத்தம் 24 புள்ளி. வேண்டுமானால் சில மாயத் திறன்களைக் கூடுதல் விலைக்கு வாங்கலாம்.

உங்கள் பொம்மை எந்த வகையில் சேரும் என்று நீங்கள் முடிவு செய்தால் போதும். அணிக்கு 12 உயிர்ப்புள்ளி அல்லது 6. அதைப் பன்னிரண்டு பொம்மையாகவும் வைக்கலாம், பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய பொம்மையாகவும் வைக்கலாம். கும்பகர்ணன் தனி ஒருவனாக ஓர் அணிக்குச் சமம் என்று நூலே அனுமதிக்கிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது.

என் மகளுக்குப் பிடிக்கவில்லை. ஓர் அணிக்குக் கட்டளையிட இரு பகடை உருட்டி உரிய எண் விழாவிட்டால், உங்கள் முறை முழுவதுமே போய்விடும். முதல் உருட்டலே பொய்த்து, மூன்று முறை தொடர்ந்து சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், போர்க்களத்தின் குழப்பத்தை இது அழகாகக் காட்டுகிறது என்று விளக்கம் சொல்லிப் பாருங்கள்! போதாததற்கு ஆறடிக்கு நாலடி மேசை. வீவக வீட்டில் அதை விரித்தால் மற்றவர்கள் சமையலறையில் நின்றுதான் சாப்பிட வேண்டும்.

ஆறு விழுந்தால் எழுவான்

மூன்றாவதை நான் கடைசியாக எடுத்ததற்குக் காரணம் அதன் முகம். 'ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ்' 1991ல் பிரிட்டனில் வந்தது. ஃபில் பார்க்கர், சூ லாஃப்லின் பார்க்கர், ரிச்சர்ட் பாட்லி ஸ்காட் ஆகிய மூவரும் எழுதியது. கண்ணைக் கவரும் படங்கள் இல்லை. வாக்கியங்கள் சட்டப்பிரிவுபோல் இறுகிக் கிடக்கும். பார்க்கரின் அந்த ஆங்கிலத்துக்கு 'பார்க்கரீஸ்' என்று விளையாடுபவர்கள் ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு பத்தியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உள்ளே இருப்பது எளிமையான ஆட்டம். சில பொம்மைகளை ஒரே அடித்தட்டில் ஒட்டினால் அது ஒரு பிரிவு. படைக்கு 24 புள்ளி. வாளாளர், வேலாளர், வில்லாளர், விலங்குகள், பாய்ந்து மோதும் ஆவேசப் படை ஒவ்வொன்றும் 2 புள்ளி. நாயகன், மந்திரவாதி, மாமிருகம், தெய்வம் ஒவ்வொன்றும் 4. பறக்கும் நாயகனுக்கு 6. விலை கூடிய இத்தகையோருக்கு மொத்தத்தில் பாதிக்கு மேல் செலவிட முடியாது. அவ்வளவுதான். கூடுதல் ஆயுதம், மாயக் கவசம், சிறப்புத் திறன் எதுவும் விற்பனைக்கு இல்லை.

இதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று முதலில் எனக்கும் தோன்றியது. வகைகள் குறைவு, விலை மாறாது, உச்சவரம்பு உண்டு. ஆனால் இந்த நூல் உங்கள் பொம்மை யார் என்று கேட்பதே இல்லை. போரில் அவன் என்ன செய்வான் என்று மட்டும் கேட்கிறது. அதனால் கற்பனை முழுவதும் உங்களிடமே விடப்படுகிறது. சூத்திர நூலில் என் மகள் எண்களை எழுதினாள். இங்கே அவள் கதையை யோசிக்க வேண்டியிருந்தது.

கும்பகர்ணனுக்கு மாமிருகம் என்ற வகைதான் சரி என்று நான் சொன்னேன். உருவம் அப்படி. அவள் விதிநூலை வாங்கிப் படித்துவிட்டு 'தெய்வம்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தாள். எனக்குத் திகைப்பு. காரணத்தைக் காட்டினாள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்ட வேண்டும். விழும் எண்ணே அந்த முறைக்கு நமக்குக் கிடைக்கும் நகர்வுகள். தெய்வம் தொடக்கத்தில் மேசையில் இருக்காது. ஆறு விழுந்தால்தான் அதை இறக்க முடியும். இறங்கிய பின் ஒன்று விழுந்துவிட்டால் மறைந்துவிடும். "ஆறு விழுந்தா எழுந்திருப்பான். ஒண்ணு விழுந்தா மறுபடி தூங்கப் போயிருவான். கும்பகர்ணன் அதானேப்பா?" என்றாள். அந்த வகை காட்டையும் குன்றையும் பொருட்படுத்தாமல் பறந்து கடக்குமே, கும்பகர்ணன் பறப்பானா என்று கேட்டேன். காடெல்லாம் அவன் முழங்காலுக்குக் கீழே, அவன் பறக்க வேண்டிய தேவையே இல்லை என்று பதில் வந்தது.

அரக்கர் படை இப்படி அமைந்தது: இராவணன் நாயகன், இந்திரஜித்து மந்திரவாதி, கும்பகர்ணன் தெய்வம், ஆளுக்கு 4 புள்ளி. மீதி 12 புள்ளிக்கு வாளேந்திய அரக்கர் ஆறு தட்டு. தொலைவிலிருந்தே எதிரியைக் கட்டிப்போடும் மந்திரவாதியின் விதியைப் படிக்கும்போது நாகபாசம் நினைவுக்கு வராமல் இருக்காது.

வானரப் படையில்தான் வீட்டுக்குள் ஒரு வழக்கு வந்தது. மகள் முதலில் இராமரையும் இலட்சுமணரையும் எழுதியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து, "சாமிய வெச்சு உருட்டி விளையாடுவாங்களா? ஒண்ணு விழுந்து ராமர் தோத்துட்டா?" என்றார். விளையாட்டுதானே என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கொலுப்படியில் அதே இராமருக்குப் பூ வைப்பவர் அவர். மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இருவரையும் அடித்துவிட்டு, சுக்ரீவனைப் படைத்தலைவனாக்கினாள். நாயகன், 4 புள்ளி. மூடிய பட்டியலில் படைத்தலைவரை இப்படி மாற்றுவது எளிதல்ல. இங்கே பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும். அனுமார் பறக்கும் நாயகன், 6 புள்ளி. குரங்குகள் ஆவேசப் படையாக ஐந்து தட்டு, ஜாம்பவானின் கரடிகள் இரண்டு தட்டு. கூட்டினால் 24. அனுமாருக்கு மட்டும் பாட்டி ஒரு நிபந்தனை போட்டார்: அடிபட்டு ஆட்டத்திலிருந்து எடுத்தால் தரையில் வைக்கக்கூடாது, தாம்பாளத்தில் வைக்க வேண்டும்.

28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். எங்கள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பலகையை வைத்தால் சரியாக இருக்கிறது. மைலோ டின் ஒன்று இலங்கைக் கோட்டை ஆனது. கால்குலேட்டர் நண்பரே அரக்கர் பக்கம் உட்கார்ந்தார். இந்த முறை அவர் தேடிப் பிடிக்க எந்தச் சந்தும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஆட்டத்தில் கும்பகர்ணன் ஒரே ஒரு தடவை எழுந்தான். இரண்டு தட்டுக் குரங்குகளை அழித்தான். அடுத்த உருட்டலிலேயே நண்பருக்கு ஒன்று விழ, கொட்டாவி விட்டபடி போய்விட்டான். மகள் மேசையைச் சுற்றி ஓடினாள். அனுமாரும் தாம்பாளத்துக்குப் போகத்தான் செய்தார். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் வைத்து, போருக்குப் போர் அவன் வளர்வதைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த நூல் சப்பென்று இருக்கும். அவர்கள் ஸ்ஃபிலிகோயிடமே போகலாம். ஐம்பது அறுபது பொம்மைகளும் பெரிய மேசையும் வைத்திருப்பவர்களுக்கு மெர்சியின் நூல் நல்ல பொருத்தம். முதலில் மேசையை அளங்கள். பிறகு எதிரே உட்காரப்போவது யார் என்று பாருங்கள். உங்களைவிட அனுபவம் குறைந்தவர் என்றால், விலைகளை நீங்கள் கணக்கிட வேண்டிய நூலைவிட, விலைகள் முன்பே எழுதப்பட்ட நூலை எடுங்கள்.

பொம்மைக்கு வெள்ளி செலவழிப்பது அதற்கெல்லாம் பிறகுதான். தடித்த அட்டையை 60 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பத்துத் துண்டு வெட்டி, 'வேலாளர்', 'வில்லாளர்', 'பேய்' என்று எழுதி மூன்று ஆட்டம் ஆடிப் பாருங்கள். சிலப்பதிகாரத்துப் பூதமோ சொந்தமாகக் கற்பனை செய்த மீன் மனிதரோ, எந்தப் படையானாலும் அட்டையிலேயே அதன் குணம் தெரிந்துவிடும். எங்கள் கும்பகர்ணன் இன்றுவரை அட்டைதான். அவனுக்கு நிற்கும் பொம்மை ஒன்றும், மேசை ஓரத்தில் படுத்துக் குறட்டை விடும் பொம்மை ஒன்றும் வேண்டுமாம். இரண்டாவதை எங்கே வாங்குவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.